அட்ரஸ் புக்கில் இரண்டு அம்மா

கல்யாணமான புதிதில் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். நான் மைன்ஸுக்கு ஷிப்ட் போனதும் மனைவி அதில் ஆன்லைன் டியூஷன் எடுப்பாள். நான் திரும்பி வந்தால் அவள் மெயிலை மூடிவிட்டு என்னுடையதைத் திறக்க வேண்டும். மறுபடி அவள் உட்கார்ந்தால் மறுபடி பாஸ்வேர்டு. ஒரு லீவு நாளில் செட்டிங்ஸுக்குள் எதையோ தேடும்போது 'ஆன்லைன் கணக்குகள்' என்ற பக்கம் கண்ணில் பட்டது. எல்லாக் கணக்குகளையும் அங்கே ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். மெயில், காலண்டர், அட்ரஸ் புக் எல்லாம் தானாக வந்துவிடும்.

"உன்னோடதையும் இதுலயே சேத்துரட்டுமா?" என்று கேட்டேன்.

"சேருங்க. அதுல என்ன ரகசியமா இருக்குது?" என்றாள்.

சேர்த்தேன். காலண்டரில் என் ஷிப்டுகள் நீலமாகவும் அவளது வகுப்புகள் பச்சையாகவும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. அவள் என் தோளில் கை வைத்துக் குனிந்து, நிறமில்லாத கட்டங்களை விரலால் தொட்டுக் காட்டினாள். "இதெல்லாம் நம்ம ரெண்டு பேருக்கும்" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது.

என் அம்மா திருநெல்வேலியில் இருக்கிறாள். காது மந்தம். போனில் பேசினால் பாதி விழாது என்பதால் மெயில்தான் எழுதுவேன். அந்த வாரம் அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. முகவரிக்கான இடத்தில் 'அம்மா' என்று தட்டி, முதலில் வந்த பெயரை அழுத்தினேன். 'அம்மா, உன்னைப் பாக்கணும்போல இருக்கு. வந்து பத்து நாள் எங்ககூட இரு. காது மெஷினை மறந்துராத' என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துக் கதவைத் தட்டியது என் மாமியார். நெல்லிக்குப்பத்தில் தனியாக இருப்பவர். கல்யாணம் முடிந்து மகளை இங்கே விட்டுவிட்டுப் போனவர், அதன்பின் எங்கள் வாசலை மிதித்ததில்லை. மனைவி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"என்னம்மா, திடீர்னு?"

"மாப்ள மெயில் போட்டிருந்தாரே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய் அட்ரஸ் புக்கைத் திறந்தேன். இரண்டு கணக்குகளும் சேர்ந்ததில், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு 'அம்மா' இருந்தார்கள். நான் அழுத்தியது மனைவியின் அம்மாவை. அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். அவரே பேச்சை எடுத்தார்.

"காது மெஷினுன்னு படிச்சதுமே சம்மந்திக்குப் போட்டதுன்னு தெரிஞ்சி போச்சிங்க மாப்ள."

"அப்புறம் ஏம்மா வந்த?" என்றாள் மனைவி, சிரித்துக்கொண்டே.

மாமியார் அவளைப் பார்க்காமல் என் தட்டில் ரசத்தை ஊற்றினார். "பொண்ணு வூட்டுக்குக் கூப்புடாம எப்டிப் போறதுன்னு யோசிச்சிகினே இருந்தேன். மெயில்ல, உன்னப் பாக்கணும்போல இருக்குன்னு இருந்திச்சி. யாருக்கு எழுதினா என்னன்னு பஸ் ஏறிட்டேன்."

மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்துபோய் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அத்தை, இது உங்க வீடு. யாரும் கூப்பிடணும்னு இருக்காதீங்க" என்றேன். அவரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றாமலே போயிருந்தது.

"சரிங்க. மொதல்ல சம்மந்திக்குப் போடுங்க. அவங்க புள்ளையப் பாக்காம இருக்கறாங்க."

அன்றே போட்டேன். அட்ரஸ் புக்கில் ஒரு 'அம்மா'வின் பெயரை மாற்றலாம் என்று பார்த்தால், "யாரோட அம்மாவ மாத்துவீங்க?" என்றாள் மனைவி. கடைசியில் இரண்டு பேருக்கும் பின்னால் ஊர்ப்பெயரைச் சேர்த்தோம்.

அடுத்த வாரம் அம்மா வந்து இறங்கினாள். இருந்த ஒரே படுக்கையறையை இருவருக்கும் கொடுத்துவிட்டு நாங்கள் ஹாலுக்கு வந்துவிட்டோம். "மதினி, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்பாள் அம்மா. மாமியார் சொல்வது அடுத்த பிளாக் வரைக்கும் கேட்கும். ஒரு சாயங்காலம் மரநிழல் சாலையில் நால்வரும் நடக்கப் போனோம். மாமியார் அம்மாவின் காது நன்றாகக் கேட்கும் பக்கமாக மாறி, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் பேசிக்கொண்டே முன்னால் போனார்கள்.