இழுபடத் தெரிந்தவள்

போர்ட் பிளேயரில் ஜங்லிகாட் இறக்கத்தில் ஷேர் ஆட்டோ இறங்கும்போது பிரேக் சூடேறி ஒரு கருகல் வாடை வரும். நேற்றும் வந்தது. பக்கத்தில் இருந்த பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ ஒரு கல்யாணப் பந்தல் ஞாபகத்துக்கு வந்து வாயெல்லாம் சிரிப்பு. அவள் மெதுவாகத் தள்ளி உட்கார்ந்தாள். தனியாகச் சிரிக்கிற கிழவியை யாருக்குத்தான் பிடிக்கும்? உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

நானும் வண்டி ஓட்டியிருக்கிறேன். ஜீப், லாரி, பஸ், ஒரு தடவை ஆம்புலன்ஸ்கூட. அதில் ஒன்றில்கூட என்ஜின் ஓடியதில்லை. ஓடுகிற வண்டியைக் கொடுத்தால் எதை மிதிப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது அதற்குள்ளும் ஓர் ஆள் உட்கார வேண்டும். முன் வண்டி திரும்பினால் திருப்ப வேண்டும், நின்றால் பிரேக் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் பின்னது போய் முன்னதன் முதுகில் ஏறிவிடும். அந்த ஆள் நான்தான்.

சுனாமிக்கு முன்னால் நாங்கள் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். சின்ன வயதில் எங்களைச் சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து அரசாங்கத்தில் கொண்டுவந்து அங்கே குடிவைத்தார்கள். நான் மரத்தில் பால் வெட்டினேன். வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டினார். அலை வந்துபோன பிறகு கப்பலில் ஏற்றிப் போர்ட் பிளேயர் முகாமில் இறக்கினார்கள். பக்கத்து லயத்துச் செல்வி என் கையைப் பிடித்தபடி இறங்கினாள். அவள் வீட்டில் அவள் ஒருத்திதான் மிச்சம். அந்தக் கையை அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

அப்போது ஊரெல்லாம் நின்றுபோன வண்டிகள். உப்புத் தண்ணீர் குடித்தது பாதி, சேற்றில் புதைந்தது மீதி. ஒரு பட்டறைக்காரர் பழைய ஜீப்பை வீட்டுக்காரரிடம் கொடுத்து, இழுத்துக்கொண்டு வா என்றார். முதல் வேலையே எங்கள் முகாமுக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த டேங்கர் லாரி. வழியில் செத்துவிட்டது, டிரைவருக்குக் காலில் அடி. குடத்தோடு வரிசையில் நிற்கப் பொறுமையில்லாமல் நான் லாரி கிடந்த இடத்துக்கே போயிருந்தேன்.

"ஏ புள்ள, ஏறி உக்காரு. கயிறு தொங்காமப் பாத்துக்க, அம்புட்டுத்தான்" என்றார் வீட்டுக்காரர்.

ஸ்டீயரிங் ஆட்டுக்கல் மாதிரி கனத்தது. ஆனால் ரப்பர் மரத்தில் கத்தி வைக்கிறவளுக்கு, பட்டை எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று கைக்கே தெரியும். கயிறும் அப்படித்தான். இறுகுவதும் தளர்வதும் உள்ளங்காலுக்கு வந்துவிட்டது. முகாம் பெண்கள் முதல் குடத்தை எனக்குத்தான் பிடித்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு ஏறிய கர்வம் இன்னும் இறங்கவில்லை.

வண்டி ஓட்டத் தெரிந்த ஆம்பிளைகளுக்கு இழுபட வராது. தானே ஓட்டுவதாக நினைத்துக் கண்ட நேரத்தில் பிரேக்கை மிதித்துக் கயிற்றை அறுப்பார்கள். "இழுக்குறதுக்கு எவனும் போதும், இழுபடத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்" என்பார் வீட்டுக்காரர். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் என்னைப் புகழ்ந்தது அது ஒன்றுதான். ஒரு போலீஸ்காரர் நிறுத்தி லைசென்ஸ் கேட்டதற்கு, "என்ஜினே ஓடல சாப், லைசென்ஸ் எதுக்கு?" என்றார். அந்தப் போலீஸ்காரர் யோசித்து முடிப்பதற்குள் நாங்கள் மேடு ஏறிவிட்டோம்.

செல்விக்கு வண்டூர் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. ராமநாதபுரத்திலிருந்து வந்து காய்கறி போடுகிற குடும்பம். தாய் ஸ்தானத்தில் நான். கல்யாணத்தன்று காலையில் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, ஆரத்தி கரைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டு பஸ் சிப்பிகாட்டில் தண்ணீருக்குள் நின்றுவிட்டதாம். சுனாமியில் அந்தப் பக்கம் நிலமே தாழ்ந்துபோய்விட்டது. கடல் ஏறும் நேரத்தில் ரோட்டின் மேலேயே தண்ணீர் வரும். ஆரத்தித் தட்டைப் பந்தலிலேயே வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் பஸ்ஸின் கீழ்ப்படியைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. உள்ளே பெண்களும் பிள்ளைகளும் காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையை மட்டும் ஜீப்பில் கொண்டுபோய்விடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். "எங்க ஆத்தா தண்ணிக்குள்ள உக்காந்திருக்க, நான் போயி தாலி கட்டவா மாமா?" என்று பட்டு வேட்டியை மடித்துக் கட்டித் தள்ள இறங்கிவிட்டார் பையன். அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது.

நான் டிரைவர் சீட்டில் ஏறினேன். பக்கத்து சீட்டில், தாலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் பெரியப்பா. அப்பா இல்லாத பையனுக்கு அவர் சொல்தான் முடிவு. மெயின்லேண்டிலிருந்து கல்யாணத்துக்காகக் கப்பலில் வந்தவர், என்னைப் பார்த்ததில்லை.

"யாத்தே! பொம்பளையா ஓட்டப்போகுது?"

"ஓட்டலீங்க. இழுபடப் போறேன்."

"கடல் வாரிக்கிட்டுப் போன குடும்பத்துப் பொண்ணு வேணாம், நம்ம ஊர்லயே பாப்போம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாய்ங்களா? இப்பக் கடலே வந்து மறிக்குது. தண்ணி அந்த ரெண்டாம் படியத் தொடட்டும், தாலியோட அடுத்த கப்பல்ல ஏறிருவேன்."

வாயைத் திறந்தால் சண்டை வரும், சண்டை போட்டால் கயிற்றைக் கவனிக்க முடியாது. பஸ்ஸில் மற்ற எல்லாருக்கும் என்னைத் தெரியும். பெண்ணுக்குத் தாய் நான்தான் என்று ஒருத்தரும் அவரிடம் சொல்லவில்லை. கப்பல் இறங்கியதிலிருந்து அவர் புலம்பலைக் கேட்டுக் கேட்டு நொந்திருந்தார்கள் போல, முந்தானைக்குள் சிரித்தார்கள்.

முதல் இழுப்பில் பஸ் அசையவில்லை. தண்ணீர் கீழ்ப்படியை மூடியது. பின்னால் பஸ்ஸின் பெங்காலி டிரைவர் "ஜோர் லகா கே!" என்று தம் கட்டித் தள்ளச் சொல்லிக் கத்த, தள்ளுகிறவர்கள் "ஹைஷா!" என்றார்கள். பெரியப்பா குனிந்து இரண்டாம் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு இறுகுவது காலுக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிரேக்கைப் பிடித்தே இருந்து, சட்டென்று விட்டேன். சேறு 'பொளக்' என்றது. பஸ் நகர்ந்துவிட்டது. உள்ளே குலவைச் சத்தம்.

காய்ந்த ரோட்டுக்கு வந்ததும் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். காராச்சர்மா பக்கத்து இறக்கத்தில்தான் சோதனை. என்ஜின் ஓடாத பஸ்ஸில் பிரேக் கல்லாக இருக்கும். கைப்பிரேக்கை எட்டிப் பிடிக்கலாமென்றால் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். முன்னால் ஜீப் கிட்டே கிட்டே வந்துகொண்டிருந்தது.

"ஐயா, பக்கத்துல கம்பி இருக்கு பாருங்க, இழுங்க!"

தட்டை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு இழுத்தார்.

"விடுங்க... இழுங்க... பாதி இழுங்க!"

"பாதின்னா எம்புட்டுத்தா?"

"உங்க கோவத்துல பாதி!"

பஸ்ஸே சிரித்தது. மனிதர் சரியாகப் பாதி இழுத்தார். கருகல் வாடை வந்தது பாருங்கள், பன்னீர் மாதிரி இருந்தது எனக்கு.

பந்தல் வாசலில் நிறுத்தினோம். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பெண்ணின் தாய் வந்து ஆரத்தி எடுத்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வரலாம். எல்லாரும் தாயைத் தேடினார்கள். நான் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கி, கையில் கறுப்போடு, நனைந்த சேலையோடு போய்த் தட்டை வாங்கி, நானே இழுத்துவந்தவர்களுக்கு நானே சுற்றினேன்.

பெரியப்பா தாலித் தட்டோடு அசையாமல் நின்றார். "ஏத்தா, நீ பஸ்காரி இல்லையா?"

"சம்பந்திங்க" என்றேன். "கடல் கழிச்சுப் போட்ட ஆளுங்கதான் நாங்க. உள்ள வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். தன் உள்ளங்கைக் கறுப்பைப் பார்த்தார். "நடங்கடா, நேரமாச்சு" என்று முதல் ஆளாக உள்ளே போனார். பந்தியில் அவர் சத்தம்தான் பெரிசு. "இந்தா, இந்தக் கையாலதான் பிரேக் புடிச்சேன். நான் இல்லைன்னா இந்தக் கல்யாணமே இல்ல!" நான் மறுக்கவில்லை. அவர் இலைக்குப் பாயசம் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.

பெரியப்பா இப்போது இல்லை. சிப்பிகாட்டு ரோட்டையும் உயர்த்திவிட்டார்கள், கடல் குறுக்கே வருவதில்லை. ஜீப் பழைய இரும்புக்குப் போயிற்று, வீட்டுக்காரர் மத்தியானத் தூக்கத்துக்குப் போகிறார். போன மாதம் நானும் செல்வியும் போய்க்கொண்டிருந்தபோது அவள் கார் ரோட்டில் நின்றுபோனது. போன் பண்ணியதும் முதுகு தட்டையான லாரி வந்து, காரை அப்படியே மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டது. உள்ளே ஆள் உட்காரக் கூடாதாம். செல்வி தன் மகனுடைய ஸ்கூட்டரை வரவழைத்து, என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு லாரிக்குப் பின்னாலேயே ஓட்டினாள்.

"என்னா அத்தை, காலை இப்புடி மிதிக்கிறீங்க? வண்டி ஆடுது" என்றாள்.

லாரி இறக்கத்தில் இறங்கியது. முன்னால் கார் போகிறது, பின்னால் நாங்கள் போகிறோம், நடுவில் கயிறு இல்லை.