மலையேறாத சாமி

எங்கேயாவது மகுடப் பறையின் சத்தம் கேட்டால் அய்யாக்குட்டியின் கை பெண்டாட்டி வடிவம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். கடைத்தெருவில் நாலு பேர் பார்த்துச் சிரித்தாலும் விடமாட்டார். யுத்த காலம் முழுக்க இப்படித்தான்.

ஒரு காலத்தில் தென்காசிச் சுற்றுவட்டாரச் சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் மகுடம் அடித்தவர் அவர். சாமியை வரவழைக்க வேகமான அடி. படையலும் குறிசொல்லலும் முடிந்தபின் மலையேற்றி அனுப்ப நிதானமான அடி.

யுத்தத்துக்கு முந்தின சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு கலை விழா. சிலோன், பர்மா, ஜாவா, ஐரோப்பாவிலிருந்தெல்லாம் கலைஞர்கள் வந்திருந்தார்கள். காரியதரிசி தில்லைநாயகம் அய்யாக்குட்டிக்கு ஆளனுப்பினார்.

"சாமி அடியை மேடையில அடிக்கக் கூடாது அண்ணாச்சி. படையல் கிடையாது. வந்துட்டா என்ன செய்ய?"

"வெள்ளைக்காரனைக் கண்டா உம்ம சுடலைக்கே கூச்சமா இருக்கும்வே. வரமாட்டான், அடியும்."

வந்தாலும் கடைசியில் மலையேற்றிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் மேடையேறினார். ஒரு துரை இசைத்தட்டில் பதிக்கிற இயந்திரத்தோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். அடி வேகமெடுத்தது. ஓரத்தில் நின்று பார்த்த வடிவம்மாள் தலைவிரிகோலமாக நடுமேடைக்கு ஓடிவந்து ஆடினாள். நாட்டியம் என்று நினைத்துச் சபை கைதட்டியது. அய்யாக்குட்டி பதறி நிதானமான அடிக்கு மாறுவதற்குள் திரை விழுந்தது.

"எந்திரியும், அடுத்தது பர்மாக்காரர்" என்று மகுடத்தை வாங்கிக்கொண்டார்கள்.

மேடைக்குப் பின்னால் வடிவம்மாள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தாள். குரல் அவளுடையதாக இல்லை.

"கூப்பிட்டுட்டுப் பாதியில விட்டுட்டியேலே! என்னை யாருலே அனுப்புவா?"

"அடுத்த சாரலுக்கு இதே மேடையில படையல் போட்டு, முழுசா அடிச்சு அனுப்புதேன் சாமி. இவளை விட்டுரும்."

அவள் சுருண்டு விழுந்தாள். வெகுநாள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தாள். அதோடு அய்யாக்குட்டி மகுடத்தைத் தொடவில்லை.

அடுத்த சாரலில் யுத்தப் பேச்சு; விழா இல்லை. பிறகு ஒருநாள் தென்காசிச் சந்தையில் தில்லைநாயகம் வாய்கொள்ளாச் சிரிப்போடு எதிரே வந்தார்.

"உம்ம அடி பிளேட்டுல ஏறிட்டுவே! லண்டன்ல, பாரிஸ்ல எல்லாம் போட்டுக் கேக்காங்களாம்."

"அனுப்புத அடி அதுல இருக்கா அண்ணாச்சி?"

"அது எங்க? கைதட்டலோட முடிஞ்சுபோச்சு."

அதன்பின் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் பேர் தெரியாத சீமையில் எவனோ தட்டைச் சுழல விடுகிறான், சுடலை இறங்கி வந்து படையலைத் தேடுகிறது, அனுப்ப ஆளில்லை. வடிவம்மாள் காரணமில்லாமல் விழித்துப் பார்த்தாலும், எங்கோ தட்டு சுற்றுகிறது என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

சுதந்திரம் வந்த வருஷம் அய்யாக்குட்டி இறந்தார். குற்றாலத்தில் அந்த மேடையை மறுபடி யாரும் போடவில்லை. சுடலைக்குச் சொன்ன படையலும், அனுப்பும் அடியும் இன்றுவரை பாக்கி.