பாறைப் பறவைகள் பார்த்த பக்கம்

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால் எழுந்துபோய்க் காபி போடுகிற ஆள் நான். குபெர்டினோவில் சாப்ட்வேர் வேலை. காலேஜ் ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஸ்டெல்லா இப்போது டெக்சஸில், ரிச்சர்ட்சனில் பறவை ஆராய்ச்சி செய்கிறாள். அலாஸ்காவின் வடகோடிக் கடற்கரைக்குத் துணைக்கு வருகிறாயா என்று அவள் கேட்டபோது எனக்கு லீவு இருந்தது, கிளம்பிவிட்டேன்.

ஜூலையில் அங்கே பொழுது சாய்வதே இல்லை. கடலோரம் செங்குத்தான பாறை, அதன் விளிம்பெல்லாம் 'மர்' என்கிற கறுப்பு வெள்ளைக் கடற்பறவைகள், ஆயிரக்கணக்கில். கூடு கட்டாது, வெறும் கல்லில் முட்டையிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டியபடி அடைகாக்கும். ஓயாத இரைச்சல், கோயம்பேடு மார்க்கெட் தோற்றுவிடும். எதிர்மேட்டில் உட்கார்ந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். கண்ணுக்கெட்டிய தூரம் வேறு மனிதர் இல்லை.

ஒரு மத்தியானம் அந்த இரைச்சல் சட்டென்று நின்றது. கழுகு வந்திருக்கும் என்றேன். கழுகு வந்தால் சத்தம் கூடும், அடங்காது என்றாள் ஸ்டெல்லா. அத்தனை பறவைகளும் தலையைத் திருப்பிக் கடலில் ஒரே இடத்தைப் பார்த்தன. அங்கே வெறும் தண்ணீர். பிறகு தலைகள் மெல்ல நகர்ந்தன, ஆள் நடக்கிற வேகத்தில், கடலிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து எங்கள் மேட்டுக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், கடைசியில் அத்தனை பார்வையும் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

"அசையாத. அப்படியே இருடி," என்றாள் ஸ்டெல்லா. அவள் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் நடந்தால் தலைகளும் கூடவே திரும்பின, கூடாரத்துக்குள் போனால் கூடாரத்தைப் பார்த்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. ஸ்டெல்லா சாட்டிலைட் போனில் பேசி, எங்களை இறக்கிவிட்டுப் போன குட்டி விமானத்தை முன்னதாகவே வரவழைத்தாள். விமானம் எழும்பியபோது அவை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. என்ஜின் சத்தத்துக்கும் பறக்காத பறவைகளை இப்போதுதான் பார்ப்பதாக பைலட் சொன்னார்.

ஆங்கரேஜ் விமான நிலையத்தில் பிரிந்தோம், அவள் டெக்சஸுக்கு, நான் இங்கே. இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. போன மாதம் அவளிடமிருந்து போன். பிள்ளைகள், வேலை என்று என்னென்னவோ பேசிவிட்டுக் கடைசியில் கேட்டாள்.

"டெய்லி லேக் பக்கம் வாக் போறேன். ஒரு பறவைகூட என்னைத் திரும்பிப் பாக்கலடி. அப்ப உன்னை?"

அடுப்பில் காபி வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். இங்கே கடல் உள்வாங்கிய வளைகுடாவின் கரை என் வீட்டுக்குப் பக்கம்தான், கடற்பறவைகளுக்கும் பஞ்சமில்லை. திரும்பி வந்ததிலிருந்து நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.