கரண்ட் இல்லாத மதியத்தில் வந்த குமிழ்கள்

செல்வின் அண்ணே, போன மாதம் உன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு தண்ணீர் பாட்டில் மாட்டியிருந்தார்கள். உனக்கு வருகிற ஆக்ஸிஜன் அதில் குமிழ் விட்டுக்கொண்டு வந்தது. கண்ணால் அதைக் காட்டிச் சிரித்தாய். "நம்ம மீன் தொட்டி மாதிரியே இருக்குல்லா" என்றாய். அப்புறம்தான் அந்த மே மாத மதியத்தைப் பற்றிச் சொன்னாய்.

அப்போது எனக்கு ஏழு வயது. தாராவியில் எங்கள் வீடு கீழே ஓர் அறை, ஏணி வைத்து ஏறினால் தகரக் கூரைக்கு அடியில் பலகை போட்ட மாடி. உனக்கு டி.பி. வந்ததும் அம்மா உன் பாயை மேலே போட்டாள். நான் ஏணியில் கால் வைக்கக் கூடாது. நீ சாப்பாட்டுக்கு மட்டும் இறங்குவாய்.

கீழே உன் மீன்கள் இருந்தன. உடம்பு கெடுவதற்கு முன்னால், மழை முடிந்த சமயம், கர்ஜத் பக்கம் மலை ஓடையில் நீ பிடித்து வந்தவை. விரல் நீளம்தான். கல்லோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஓடுகிற தண்ணீரில் பிறந்த மீன் நின்ற தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று மீன் கடைக்காரர் சொன்னதால் ஒரு காற்று பம்ப் வாங்கினாய். கரண்ட் போனால் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பிப் பம்புக்குள் போய்விடும், அதனால் உயரத்தில் வை என்றும் அவர் சொல்லியிருந்தார். நீ அதை மாடியில், பின்னால் உன் தலைமாடு ஆன இடத்தில் வைத்து, மெல்லிய குழாயைப் பலகை இடுக்கு வழியாகத் தொட்டிக்குள் இறக்கினாய்.

"பெத்தவளுக்கு ஒரு நல்ல ஃபேன் வாங்கித் தர வக்கில்ல, மீனுக்குக் காத்து கேக்குதோ?" என்பாள் அம்மா.

"ஒனக்குச் செதில் மொளைக்கட்டும்மா, வாங்கித் தாரேன்" என்று மேலேயிருந்து பதில் வரும்.

அன்று சந்தில் மீட்டர் பெட்டி எரிந்து கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. பம்ப் நின்றது. சந்தில் ஓடிய தையல் மெஷின்களும் நின்றன. அப்படி ஓர் அமைதியை நான் எங்கள் சந்தில் கேட்டதே இல்லை. தண்ணீரும் சூடாகக் கிடந்தது. மீன்கள் கல்லை விட்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அப்போது தொட்டிக்கு அடியிலிருந்து குமிழ் வந்தது.

பம்ப் சத்தம் இல்லை, குமிழ் மட்டும். கொஞ்சம் வரும், நிற்கும். நின்றதும் தொட்டித் தண்ணீர் குழாய்க்குள் மெதுவாக மேலே ஏறும், யாரோ உறிஞ்சுகிற மாதிரி. பிறகு இறங்கும். மறுபடியும் குமிழ்.

"யம்மா, தொட்டி மூச்சு விடுது" என்றேன்.

அம்மா வந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஏலே செல்வின், பம்பு ஓடுதா?" என்று மேலே பார்த்துக் கேட்டாள். பதில் இல்லை. "ஏட்டி, பக்கத்துல போவாத" என்று என்னை இழுத்தாள். சபையில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். தினமும் உன் நெஞ்சில் தடவுகிற அதே எண்ணெய். மகனைப் பிடித்தது தொட்டிக்குள்ளும் வந்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, "இயேசுவின் ரத்தம் ஜெயம்" என்று சொல்லி மொத்தத்தையும் தண்ணீரில் ஊற்றிவிட்டாள்.

எண்ணெய் ஒரு தோல் மாதிரி மேலே படர்ந்தது. மீன்கள் அந்தத் தோலை வாயால் முட்டின. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது.

"மீன் சாவுதும்மா" என்று அழுதேன்.

உடனே குமிழ் பொங்கிக்கொண்டு வந்தது. எண்ணெய் கிழிந்து ஓரத்துக்குப் போனது. அம்மா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை தண்ணீர் குழாயில் உயரமாக ஏறி, இறங்காமல் அப்படியே நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் இறங்கியது.

சாயங்காலம் கரண்ட் வந்து பம்ப் உறுமியபோது, சாய்ந்த மீனும் நிமிர்ந்து கல்லில் ஒட்டிக்கொண்டது. "பாத்தியா, எண்ணெயோட வல்லமைய" என்றாள் அம்மா. இன்றைக்கும் சபையில் அதைச் சாட்சியாகச் சொல்கிறாள்.

நீ சாப்பிட இறங்கினாய். ஏணியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாய். உன் உதடு நீலமாக இருந்தது. எனக்கு உதடு நீலம் என்றால் காலா கட்டா கோலாதான். வண்டிக்காரன் ஐஸைச் சீவி, கருநீலச் சாறு ஊற்றித் தருவானே, அது.

"எனக்குத் தராம கோலா தின்னுட்ட" என்றேன்.

மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தாய். "ஆமாட்டி. நாளைக்கு ஒனக்கு" என்றாய். மதியம் முழுக்க ஏணி இறங்காத உனக்குக் கோலா எப்படி வந்தது என்று நான் யோசிக்கவில்லை. அன்று ராத்திரி வரை உன்னோடு பேசவில்லை.

"பம்புல இருந்து குழாயக் கழத்தி நான்தாம்ட்டி ஊதுனேன்" என்று போன மாதம் சொன்னாய். "வாயில குழா இருந்துச்சு, அம்மாவுக்கு எப்படிப் பதில் சொல்ல? அவட்ட சொல்லிராத." அப்போதும் உன் உதடு அதே நிறம். அம்மா பைபிளைத் தவிர வேறு எதையும் வாசிக்கமாட்டாள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

நீ போன பிறகும் அந்த பாட்டிலில் குமிழ் வந்துகொண்டே இருந்தது. நர்ஸ் வந்து ஆக்ஸிஜனை மூடினாள். குழாயில் தண்ணீர் ஏறுமா என்று பார்த்தேன். ஏறவில்லை.

செத்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்று எங்கள் சபையில் சொல்வார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் சரி, இதை வாசிக்கிற எல்லோரும் எங்கள் செல்வின் அண்ணனுக்காக ஒரு தடவை ஜெபம் பண்ணுங்கள். போன இடத்தில் அவனுக்கு மூச்சு முட்டக் கூடாது.