மயில் என்ன லெட்டரா?

“…காலு ஒழுங்கா இருக்குது, தோகை ஒழுங்கா இருக்குது. கழுத்துக்கு மேல பாருப்பா, தலை அடுத்த தெருவுக்குப் போயிக்கினு இருக்குது!” என்றபடி அந்த அக்கா லேப்டாப்பை என் மேசையில் வைத்தார்.

பக்கத்து ஊரான ஓரிக்கையில் தறி வைத்திருப்பவர். சேலை டிசைனை, தறிக்கு மேலே இருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிக்குப் புரிகிற கோப்பாக மாற்றித் தருவதுதான் என் பிழைப்பு. எந்த இழை எப்போது மேலே எழவேண்டும் என்பது அந்தக் கோப்பில் எண்களாக வரிசையில் நிற்கும். மாற்றுகிற நிரலை நானே தட்டுத்தடுமாறி எழுதியிருந்தேன். வீட்டிலேயே மாற்றிக்கொள்ளட்டும் என்று அக்காவின் லேப்டாப்பிலும் அதைப் போட்டுக் கொடுத்தேன்.

இதுவரை அடுத்தவர் வரைந்ததையே நெய்தவர். இந்த மயில் அவரே வரைந்தது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் அவர் வீட்டுக்காரர்.

“தறியில பாவு நூலு பூட்டியாச்சுமே. சாயந்தரத்துக்குள்ள மயிலு வரலைன்னா பழைய மாங்கா டிசைன ஏத்திடுவேன். அதுக்குக் கழுத்தும் இல்ல, தலையும் இல்ல, தொல்லையும் இல்ல.”

“மாங்காவாச்சும் வரையத் தெரியுமாய்யா உனக்கு? வை போன!” என்றவர் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “ஏத்திட்டாருன்னா இந்தப் பாவு முடியிற வரைக்கும் மாங்காதான்பா. அப்புறம் என் படத்த யாரு கேக்கப் போறா?”

அதே படத்தை என் கணினியில் மாற்றிப் பார்த்தேன். மயில் அழகாகத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதே நிரல், அதே படம். என்னுடையது லினக்ஸ், அவருடையது விண்டோஸ். இரண்டு கோப்புகளின் அளவையும் பார்த்தேன். அவருடையது கொஞ்சம் பெரியது.

“யாரோ உள்ள பூந்திருக்காங்கக்கா” என்றேன்.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் ஆள் அகப்பட்டான். பத்து என்ற எண் வரும் இடத்தில் எல்லாம் அதற்கு முன்னால் ஒரு பதின்மூன்று உட்கார்ந்திருந்தது. கழுத்தில்தான் முதல் பத்து. அங்கே ஒன்று நுழைந்ததும் பின்னால் நின்றதெல்லாம் ஒரு இடம் தள்ளிப்போய்விட்டது.

“விண்டோஸுக்குப் பத்துன்னா வரி முடிஞ்சிதுன்னு அர்த்தம். வரி முடிஞ்சா பதிமூணையும் சேத்து எழுதுறது அதோட பழக்கம்.”

“டைப்ரைட்டிங்ல சொல்லிக் குடுத்தாங்களே! லீவரத் தள்ளுனா வண்டி வரியோட ஆரம்பத்துக்கு வரும், ரோலரும் ஒரு வரி ஏறும். ரெண்டு வேலை.”

“அதேதான்க்கா. அந்த ரெண்டு வேலைக்கு ரெண்டு நம்பரு. லினக்ஸ் ஒண்ணே போதும்னு விட்டுடும்.”

“என் மயிலு என்ன லெட்டரா, வரி முடிக்கிறதுக்கு?”

இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. கோப்பைத் திறக்கும்போது, ‘இது எழுத்து இல்லை, உள்ளதை உள்ளபடி எழுது’ என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு, நிரலில் ‘எழுது’ என்பதைக் குறிக்கும் ‘w’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு ‘b’ போட்டால் போதும். லினக்ஸில் அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதனால் இத்தனை நாள் அது இல்லாத குறை எனக்குத் தெரியவே இல்லை. போட்டேன். அவர் லேப்டாப்பில் புது நிரலை ஏற்றி ஓட்டினேன். தலை கழுத்துக்கு வந்து சேர்ந்தது.

“ஒத்த எழுத்தா? அதுக்கா இவ்ளோ நேரம் என் உசிர வாங்குன?” என்று சிரித்தவர், “நீ எழுந்துருப்பா” என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

படத்தைப் பெரிதாக்கி, மூக்கை ஒரு கட்டம் மேலே தூக்கினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானே நிரலை ஓட்டி, வந்ததைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, பென் டிரைவில் ஏற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போய் ஸ்கூட்டியைக் கிளப்பினார்.