மாமா உட்கார ஒரு இடம்

மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா. கடலில் போட் ஓட்டிய ஆள். இப்போது நேற்று நடந்தது நினைவில் இல்லை. கால் மட்டும் நன்றாக இருக்கிறது. அதுதான் தொல்லை.

கதவு திறந்திருந்தால் போய்விடுவார். இந்தத் தீவில், வண்டூரில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடை. அதில் முதலை உண்டு. முழங்கால் தண்ணீரில் நின்று போட்டைத் தேடுவார். நான்தான் இழுத்து வருவேன்.

பக்கத்து வீட்டு அக்கா பகலில் பார்த்துக்கொண்டாள். மகள் பிரசவத்துக்கு அவள் கடல் தாண்டி மெயின்லேண்ட் போனாள். அதோடு என் வேலையும் நின்றது. புரோத்ராபூரில் ஒரு ஹோட்டலில் எனக்குச் சமையல் வேலை. முதலாளி போன் போட்டார்.

"திங்கக்கிழமை வரலேன்னா வேற ஆள் பாக்கணும்மா. தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுக்கவில்லை. அடுப்பு எனக்காகக் காத்திருக்குமா?

வீட்டுக்காரருக்கு பாராடாங்கில் வேலை. வண்டிகளைக் கரை கடத்தும் ஃபெரியில் கயிறு கட்டுவார். எப்போதாவது வருவார். போன் போட்டேன். "நீயே பாத்துக்க" என்றார். எப்படி என்று கேட்டேன். லைன் போய்விட்டது. போனதா, வைத்தாரா, தெரியாது.

மாமாவையும் கூட்டிக்கொண்டே இடம் தேடினேன். விட்டுவிட்டுத் தேட முடியாதே. அவருக்குக் கையில் ஒரு பை வேண்டும். பை இல்லாமல் பஸ் ஏற மாட்டார். ஒரு கைலி, ஒரு துண்டு, ஜெபமாலை. அதை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் வருவார்.

முதலில் மாதா கோயில் சாமியாரிடம் போனேன்.

"சிஸ்டர்மார் நடத்துற வீடு ஒண்ணு இருக்கு. ஆனா பொம்பளைகளுக்கு மட்டும்தான்" என்றார்.

"நான் வேணும்னா சேலை கட்டிக்கிடட்டா சாமி?" என்றார் மாமா.

சாமியார் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வந்தோம்.

அடுத்து டவுனில் ஒரு முதியோர் இல்லம். அங்கே இருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது யாரும் இல்லாதவங்களுக்கு. இவருக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

நான் இருக்கிறேன். அதுதான் இடைஞ்சல்.

அப்புறம் நம்ம தமிழ் ஆட்களின் சங்கம். இங்கே ஒவ்வொரு பாஷைக்கும் ஒரு சங்கம் உண்டு. கஷ்டம் என்றால் அவரவர் சங்கத்துக்குப் போவோம். அடுத்தவர் வாசலை மிதிக்க மாட்டோம். அங்கே இருந்தவர் கேட்டார்.

"மெயின்லேண்ட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"யாராவது இருப்பாங்கம்மா. கப்பல்ல ஏத்தி விடுங்க. டிக்கெட்டுக்கு நாங்க சொல்றோம்."

இங்கே வயசாகிவிட்டால் எல்லாருக்கும் அதே மருந்துதான். மாமா காதில் கப்பல் மட்டும் விழுந்தது. அன்றிலிருந்து எழுந்ததும் கேட்பார்.

"கப்பலு எப்பம் மக்கா?"

சனிக்கிழமை பிரஷர் பார்க்க நர்ஸ் வந்தாள். அவளிடம் கஷ்டத்தைச் சொன்னதும் அவள் கேட்டாள்.

"புரோத்ராபூர்ல பெங்காலி சங்கத்து ஹால் இருக்குல்ல? பகல்ல வயசானவங்களை வச்சுப் பாத்துக்கறாங்களே."

"அது அவங்களுக்குத்தானே?"

"யாரு சொன்னா? நீ கேட்டியா?"

கேட்கவில்லை. இத்தனை வருஷம் அந்த ஹால் வாசலில்தான் பஸ் இறங்குகிறேன். தலையைத் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை கூட்டிப் போனேன். அங்கே பொறுப்பில் இருக்கும் பெங்காலி அக்கா, எல்லாருக்கும் தீதி, ஒன்றே ஒன்று சொன்னாள். ஆள் அமைதியாக உட்கார வேண்டும். கேட்டைத் தாண்டிப் போகிற ஆளை வைத்துக்கொள்ள முடியாது.

மாமா எங்கே உட்காருவார்?

உட்கார்ந்தார். நீள பெஞ்சு. மேலே காற்றாடி. வரிசையாகக் கிழவர்கள், கிழவிகள். எல்லார் பக்கத்திலும் சாப்பாட்டுப் பை. மாமா ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். தானாகப் போய்ப் பையை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

"எத்தன மணிக்குத் தொறப்பான்?"

அப்போதுதான் புரிந்தது. ஹார்பரில் கப்பலுக்குக் காத்திருக்கிற இடம் என்று நினைத்துவிட்டார்.

"தொறப்பான் மாமா" என்று சொல்லிவிட்டு அடுப்புக்கு ஓடினேன்.

அந்த வாரம் எல்லாம் சரியாகப் போனது. பிறகு ஒரு நாள் இட்லி வேகும்போது போன். மாமா கேட்டில் நிற்கிறாராம். மாவுக் கையோடு ஓடினேன்.

அங்கே வேலை பார்க்கும் பெண் நல்லவள். கிழவரை ஏமாற்றக் கூடாது என்று நினைத்து, இங்கே கப்பல் வராது என்று சொல்லிவிட்டாள். மாமா கேட் கம்பியைப் பிடித்திருந்தார். வெளியே லாரி போகிற ரோடு.

"கப்பலு இங்க வராதாமே. ஏமாத்திட்டியே மக்கா. விடு, நான் கப்பல் ஜெட்டிக்குப் போறேன்."

தீதி என்னைப் பார்த்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பெஞ்சில் ஒரு பெங்காலிக் கிழவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"அரே தாதா, மௌசம் கராப். ஜஹாஸ் கல் ஆயேகா."

வானிலை மோசம், கப்பல் நாளைக்குத்தான். மாமாவுக்கு இந்தி நன்றாக வரும். காற்று எந்தப் பக்கம் என்று இந்தியிலேயே கேட்டார். கிழவர் ஒரு விரலை எங்கேயோ நீட்டினார். மாமா வானத்தைப் பார்த்தார். நல்ல வெயில்.

"ஆமா. இந்தக் காத்துல எவன் எடுப்பான்?"

கம்பியை விட்டார். போய் உட்கார்ந்தார். கிழவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

மௌசம் கராப் என்றால் இந்தத் தீவில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஹார்பரில் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி உட்காராதவர் இங்கே யாரும் இல்லை.

"இனி நீயும் அதையே சொல்லு" என்று தீதி அந்தப் பெண்ணிடம் சொன்னாள். நான் அடுப்புக்குத் திரும்பினேன். அடியில் இருந்த இட்லி குழைந்திருந்தது.

சாயங்காலம் வண்டூர் பஸ். ஜன்னல் பக்கம் மாமா.

"நாளைக்கு வருமா மக்கா?"

"வரும் மாமா."

"நீயும் வாறியா?"

"எனக்கு டிக்கெட் கிடைக்கலையே."

பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"கப்பல்காரன்கிட்ட சொல்லிப் பாக்கேன்" என்றார்.

வீடு வந்தது. இருவரும் உள்ளே போனோம். கதவை உள்பக்கம் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.