மெத்தை மாட்டிய அறையில் அம்மாவின் பாட்டு

எங்கள் மைசூர் வீட்டுப் படுக்கையறையில் ஒரு தடவை கை தட்டினால் இரண்டு தடவை கேட்கும். உயரமான கூரை, வழவழவென்ற சிவப்புத் தரை, வெறும் சுவர்...

சுதந்திரம் வந்து பத்து வருஷம்கூட ஆகாத காலம். கல்யாணமாகி டில்லிக்குப் போன அக்கா, முதல் பிரசவத்துக்குக்கூட வர முடியாமல் அங்கேயே இருந்தாள். அம்மா பாடிக் கேட்க வேண்டும் என்று ஒரே ஏக்கம் அவளுக்கு.

அண்ணாவின் சிநேகிதனுக்கு டில்லியில் வேலை. லீவில் வந்தவன், திரும்பிப் போகும் நாளன்று காலையில் தன் டேப் ரெக்கார்டரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தான். சாயங்காலம் ரயில். அக்கா வீட்டுக்கே போய்ப் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு.

அண்ணாவுக்கோ எதிலும் கச்சிதம் வேண்டும். "இந்த ரூம்ல பாடினா கிணத்துக்குள்ளேர்ந்து பாடற மாதிரி கேக்கும்" என்று வீட்டிலிருந்த மெத்தைகளையெல்லாம் சுவரில் மாட்ட ஆரம்பித்தான். ஜன்னலுக்கு ஜமக்காளம், தரைக்குக் கம்பளி. நானும் கூடமாட உழைத்தேன்.

அந்த நேரத்தில் அம்மா அடுக்களையை ஒட்டியிருந்த பெருமாள் சன்னிதியில் பாடிக்கொண்டிருந்தாள். தினமும் பாடுவதுதான். ஆனால் அன்றைக்கு... அடடா, என்ன பாட்டு!

"மெஷினை அங்கயே கொண்டு போயேன்டா" என்றார் அப்பா.

"பாத்திரச் சத்தமெல்லாம் சேர்ந்துடும்ப்பா!"

எல்லாம் தயாரானதும் அம்மாவைக் கூப்பிட்டான். அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நன்னாயிருக்குடா! மடியோட இருக்கேன், மெத்தைக்கு நடுவுல வந்து உக்காரணுமா? தளிகை ஆகி எல்லாரும் சாப்பிடட்டும், வரேன்."

படுக்கை பட்டால் குளித்துக் கட்டிய மடி போய்விடும் என்பது ஐயங்கார் வீட்டுப் பிள்ளைக்குத் தோன்ற வேண்டாமோ! எனக்கும்தான் தோன்றவில்லை.

சமையல், சாப்பாடு, அடுக்களை வேலை எல்லாம் முடித்து அம்மா வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. முகத்தில் அலுப்பு. கதவைச் சாத்தினோம். அண்ணா மெஷினை ஓடவிட்டான். இரண்டு அடி பாடி நிறுத்திவிட்டாள்.

"என்னடா இது, என் குரல் எனக்கே கேக்கலை. வாயைப் பொத்தின மாதிரி இருக்கு."

மறுபடி ஆரம்பித்தாள். சுருதி சேரவில்லை.

"போறும்டா. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"ஹொத்தாயித்து" என்று கன்னடத்தில் சொல்லி, மெஷினை எடுத்துப்போக வந்திருந்த சிநேகிதன் அதன் பெட்டியை மூடினான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஜுரத்தில் படுத்த அம்மா எழுந்திருக்கவில்லை. அக்கா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

இப்போது என் பேத்தி தன் ரூம் சுவரெல்லாம் ஃபோம் ஒட்டி, மைக் வைத்துப் பாடுகிறாள். பிடிக்காவிட்டால் உடனே டெலீட். எனக்குத்தான் பதைக்கிறது. அன்றைக்கு நாங்கள் பாத்திரச் சத்தத்தோடேயே பதிவு செய்திருக்கலாம்...

போன வாரம் போனில் அக்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன்.

"அந்த சிநேகிதர் அப்பவே ஆத்துக்கு வந்து போட்டுக் காட்டினார்டி. ரெண்டு அடி பாட்டு... அப்புறம், ‘போறும்டா’ன்னா அம்மா. குழந்தையை மடியில போட்டுண்டு, இன்னும் இருக்கும்னு உக்காந்துண்டே இருந்தேன்."